தீராத அடிவயிற்று வலிக்குப் பெங்களூரில் பெல்விக் ஃப்ளோர் பிசியோ: எங்கே தொடங்குவது, என்ன செலவாகும், எதில் ஏமாறக் கூடாது

ஆறு மாதத்துக்கு மேலாக அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ வலி. உட்கார்ந்தால் கூடுகிறது, மூத்திரம் போனபின் எரிகிறது, தாம்பத்தியம் என்றாலே பயமாக இருக்கிறது. ஸ்கேன் நார்மல், யூரின் கல்ச்சர் நார்மல், டாக்டரோ "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷனைக் குறைங்க" என்கிறார். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நெடுநாள் இப்படித்தான் அலைந்தேன். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் வலி நிஜமாகவே இருக்க முடியும், ஏனென்றால் இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகள் (இவைதான் பெல்விக் ஃப்ளோர்) இறுகிக் கிடப்பது ஸ்கேனில் தெரியாது. நாள் முழுக்கக் கையை இறுக்கி மூடியே வைத்திருந்தால் விரல்கள் எப்படி வலிக்குமோ, அப்படித்தான் இதுவும். அந்தத் தசைகளை ஒருவர் கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவரிடம் போய்ச் சேருவதுதான் இதில் பெரிய வேலை.

நான் பெண் என்பதால் பெண்களுக்கான விவரம் கூடுதலாக இருக்கும், ஆனால் இந்த வலி ஆண்களுக்கும் வருகிறது. அவர்களுக்கானதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் மற்ற காரணங்களைப் பார்த்து முடியுங்கள்

பிசியோவுக்கு நேரே ஓடாதீர்கள். பெண்கள் மகப்பேறு டாக்டரையும் ஆண்கள் யூராலஜிஸ்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொதுவாக எழுதித் தருவது யூரின் ரொட்டீன், யூரின் கல்ச்சர், வயிறு–இடுப்பு அல்ட்ராசவுண்ட். தனியார் லேபில் கல்ச்சருக்குச் சுமார் 400 முதல் 800 ரூபாயும் ஸ்கேனுக்கு 1,200 முதல் 2,500 ரூபாயும் ஆகும். கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சாம்பிளை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், தொடங்கிய பிறகு கொடுத்தால் கிருமி இருந்தாலும் காட்டாமல் போகலாம்.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாதவிலக்கு நாட்களில் வலி தாங்க முடியாமல் போகிறது, மலம் கழிக்கும்போதும் குத்துகிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஸ்கேன் நார்மல் என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. அது இருந்தால் அதற்கான வைத்தியம் தனி, பிசியோ அதன் கூடவே நடக்கும்.

ஆண்களுக்கு: "புராஸ்டேட் வீக்கம்" என்று சொல்லி ஆன்டிபயாடிக் கோர்ஸ் மேல் கோர்ஸாக எழுதிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கிறது. நெடுநாள் வலியோடு வரும் ஆண்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்ச்சரில் கிருமியே இருப்பதில்லை. இரண்டாவது கோர்ஸுக்கு முன்னால் "கல்ச்சர்ல என்ன வந்திருக்கு டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இவை எதுவும் இருந்தால் பிசியோ, பயிற்சி எதுவும் காத்திருக்கட்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: இரு தொடைக்கும் நடுவே மரத்துப்போவது, மூத்திரமோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது வரவே மறுப்பது, காய்ச்சலோடு வலி, மூத்திரத்தில் ரத்தம், மாதவிலக்கு நிரந்தரமாக நின்றுபோன பின் ரத்தப்போக்கு, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு ஒரு பக்கமாகக் கடும் வலி, ஆண்களுக்கு விதைப்பையில் திடீரென்று தாங்க முடியாத வலி. கடைசியில் சொன்னதில் மணிக்கணக்குதான் அவகாசம்.

2. ஒரு ஃபைல் போடுங்கள்

சாதாரண பிளாஸ்டிக் ஃபைல் போதும். பழைய ரிப்போர்ட்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். பிரசவம் ஆனவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். தையல் போட்டார்களா, ஆயுதம் வைத்து எடுத்தார்களா, எவ்வளவு கிழிந்தது என்பதெல்லாம் பிசியோவுக்கு வேண்டும். ஹெர்னியா, அப்பென்டிக்ஸ், சிசேரியன், கர்ப்பப்பை ஆபரேஷன் என்று எது நடந்திருந்தாலும் அதன் காகிதமும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும்.

அத்துடன் இரண்டு விஷயங்களை நீங்களே எழுத வேண்டும். ஒன்று வலிக் குறிப்பு, இரண்டு வாரத்துக்கு: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எரிச்சலா குத்தலா இழுப்பா கனமா, பத்துக்கு எவ்வளவு, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இன்னொன்று மூத்திரக் குறிப்பு, மூன்று நாளுக்கு: எப்போது போனீர்கள், எத்தனை மில்லி, எவ்வளவு குடித்தீர்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கி அதில் பிடித்துப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு முறை, ஒரு தடவைக்கு 300, 400 மில்லி என்பது வழக்கமான அளவு. அரை மணிக்கொரு தரம் 80 மில்லி போகிறவருக்கு வைத்தியமே வேறு மாதிரி தொடங்கும்.

அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறவர்கள் தமிழ் பேசும் பிசியோவைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் அது கஷ்டமில்லை. இந்த வலியை மகனோ மருமகனோ நடுவில் நின்று மொழிபெயர்க்கிற நிலைமை வந்தால் பாதியைச் சொல்லாமலே விழுங்கிவிடுவார்கள்.

3. டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்

"பிசியோதெரபி" என்று மொட்டையாக எழுதினால் பக்கத்து கிளினிக்கில் முதுகுக்குக் கரண்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். "பெல்விக் ஃப்ளோர் பரிசோதனையும் பிசியோதெரபியும்" என்று சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பின்னால் இன்சூரன்ஸுக்கும் இந்தச் சீட்டுதான் ஆதாரம். சில சமயம் டாக்டர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரை எழுதுவார். மருந்துக்கடையில் "இது டிப்ரெஷனுக்குக் கொடுக்கிறதாச்சே" என்பார்கள். நரம்பு வலிக்கும் அதே மாத்திரைதான், பயப்பட வேண்டாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

4. சரியான ஆளைப் பிடிப்பது

நேரத்தையும் பணத்தையும் அதிகம் விழுங்குவது இந்தக் கட்டம்தான், அதனால் இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்தவர்கள் எல்லோருமே பிசியோதான், ஆனால் பெல்விக் ஃப்ளோரைத் தனியாகப் படித்துப் பயிற்சி எடுத்தவர்கள் கொஞ்சம் பேர். எம்பிடி என்கிற முதுநிலைப் படிப்பில் மகளிர் நலம் எடுத்தவர்கள், அல்லது அதற்குப் பிறகு பெல்விக் ஃப்ளோர் கோர்ஸ் செய்தவர்கள் வேண்டும். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் மகப்பேறு, யூராலஜி பிரிவுகளில் விசாரித்தால் பெயர் கிடைக்கும். கோரமங்கலா, இந்திராநகர், ஜெயநகர், ஒயிட்ஃபீல்டு பக்கம் தனியாக கிளினிக் வைத்திருப்பவர்களும் உண்டு.

அப்பாயின்ட்மென்ட் போடுவதற்கு முன் போனில் இதையெல்லாம் கேளுங்கள். தசையைக் கையால் உள்பரிசோதனை செய்வீர்களா? தனி அறையா, திரை மட்டுமா? செஷன் எத்தனை நிமிடம், அதில் தெரபிஸ்ட் கூடவே இருப்பது எத்தனை நிமிடம்? ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தான் பார்ப்பாரா? முன்பணம் கட்டிப் பேக்கேஜ் எடுத்தால்தான் பார்ப்பீர்களா? ஆண்கள் "ஆண்களைப் பார்ப்பீர்களா" என்பதை முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் பார்ப்பதில்லை.

பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். நான் பேசிய ஓர் இடத்தில், பரிசோதனையே செய்யாமல் போனிலேயே இருபது செஷன் பேக்கேஜுக்கு விலை சொன்னார்கள். எதற்கு இருபது என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இன்னொரு கிளினிக்கில் இடுப்பில் மெஷினை மாட்டிவிட்டு அரை மணி நேரம் யாருமே எட்டிப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். கரண்ட் வைப்பது தற்காலிகமாக வலியை மட்டுப்படுத்தலாம், ஆனால் இறுகிய தசையை இளக்கக் கை வேண்டும். அதிலும் பொதுவான மசாஜ் போதாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூத்திரப்பை வலி உள்ள 81 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இடுப்புத் தசைகளைக் குறிவைத்த பிசியோவும் மற்றதற்கு உடம்பு முழுக்கப் பொது மசாஜும் கொடுத்தார்கள். நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 59 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். நரம்பு எடுத்துவிடுகிறேன், எலும்பு தட்டிவிடுகிறேன் என்கிறவர்களிடம் போகாதீர்கள்.

உள்ளே சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் மெஷின் வைக்கிறார்கள் என்றால் காப்பர்-டி இருப்பதையும் கர்ப்பமாக இருக்கலாம் என்பதையும், பேஸ்மேக்கர் வைத்திருப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

5. முதல் நாள் என்ன நடக்கும்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பாதி பேச்சுதான். குழந்தை, மலம், மூத்திரம், தாம்பத்தியம், வேலை எல்லாம் கேட்பார்கள். அப்புறம் நிற்கவைத்து, குனியவைத்து, மூச்சு எப்படி விடுகிறீர்கள் என்று பார்ப்பார்கள். வயிறு, தொடையின் உள்பக்கம், பின்புறம் எல்லாம் வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பார்கள். உள்பரிசோதனை கடைசியில்தான். கையுறை, ஜெல், ஒரே விரல். மகப்பேறு டாக்டர் வைக்கிற கருவி எதுவும் கிடையாது. பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகவும் ஆண்களுக்கு ஆசனவாய் வழியாகவும் பார்ப்பார்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே தொடக் கூடாது. சம்மதித்த பிறகும் நடுவில் "போதும்" என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்களும் உள்ளே வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் அதைச் சொன்னால் போதும். வெளியிலிருந்தே பார்த்து வைத்தியம் தொடங்க முடியும், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களிலும் தொற்று இருக்கும்போதும் உள்பரிசோதனையைத் தள்ளிப் போடலாம். பிரசவமோ ஆபரேஷனோ ஆகி ஆறு வாரம் ஆகாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தசையைக் கடிகாரம் மாதிரி பிரித்துக் குறித்துக்கொள்வார்கள், முன்னால் எலும்பு 12, பின்னால் ஆசனவாய் 6 என்று. எனக்கு இடது பக்கம் 4 மணி இடத்தில் விரலை மெல்ல அழுத்தினார். மூத்திரப்பையில் என்று மாதக்கணக்காக நான் நினைத்துக்கொண்டிருந்த அதே எரிச்சல், அதே இடத்தில் வந்தது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை நீளமாக விடச் சொன்னார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும், எரிச்சல் பத்திலிருந்து நாலுக்கு இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வலிக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலையும் மறுநாளும் கொஞ்சம் வலி கூடலாம். இரண்டு நாளைத் தாண்டினால் போன் செய்து சொல்லுங்கள். அடுத்த முறை அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

6. பணம், இன்சூரன்ஸ்

நான் விசாரித்த இடங்களில் முதல் நாளுக்கு 1,500 முதல் 2,500 ரூபாய், அதற்கப்புறம் ஒரு செஷனுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை கேட்டார்கள். எட்டு முதல் பன்னிரண்டு செஷன் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாலு செஷனுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் காசு கொடுங்கள். தேறுகிறது என்று தெரிந்த பிறகு பேக்கேஜில் தள்ளுபடி கேட்கலாம்.

மெடிக்ளைம் பாலிசிகளில் பெரும்பாலானவை வெளிநோயாளி பிசியோவுக்குக் காசு தராது. கம்பெனி பாலிசியில் ஓபிடி (வெளிநோயாளிச் செலவு) உண்டா என்று ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வழி பலருக்குத் தெரிவதில்லை: எண்டோமெட்ரியோசிஸுக்கு லேப்ராஸ்கோபி (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) மாதிரி ஏதாவது செய்து அட்மிட் ஆகி இருந்தால், அதற்குப் பின் 60 அல்லது 90 நாள் வரை ஆகும் செலவை, சில பாலிசிகளில் 180 நாள் வரைகூட, அதே கிளெய்மில் கேட்கலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே பிசியோ வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். கிளம்புகிற அன்றே எழுதி வாங்குங்கள், பிறகு அந்த ஒரு வரிக்காக அலைய வேண்டியிருக்கும். பில்லில் உங்கள் பெயர், ஒவ்வொரு செஷனின் தேதி, கையெழுத்து, சீல், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். "பிசியோ கட்டணம், ரூ. 12,000" என்று ஒரே வரியில் இருக்கிற பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடித்தம் ஆகிறவர்கள் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு ராஜாஜிநகர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஈஎஸ்ஐ தரும் இ-பெஹச்சான் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும். மார்க்கெட் பக்கம் விக்டோரியா, வாணி விலாஸ், சிவாஜிநகரில் பௌரிங் என்று அரசு ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள். பெல்விக் ஃப்ளோர் பார்க்கிற பிசியோ இருக்கிறாரா, எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவிட்டு சீட்டுப் போட்டால் ஒரு நாள் வீணாகாது.

போக்குவரத்தும் ஒரு செலவுதான். நம்மூர்க் குழிகளில் ஆட்டோவில் ஒரு மணி நேரம் போய்வந்தால் செஷனில் கிடைத்த நிம்மதி அங்கேயே போய்விடும், அதனால் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற கிளினிக்குக்கு முன்னுரிமை கொடுங்கள். கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை இருந்தால் பெண்களுக்கு ஏசி இல்லாத பிஎம்டிசி பஸ்ஸில் கட்டணம் இல்லை.

7. வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் செய்யக் கூடாதது: கீகல், அதாவது அடித்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி. இடுப்பு வலி என்று யூடியூபில் தேடினால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தளர்ந்த தசைக்கு அது நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். பரிசோதித்தவர் சொல்லும்வரை தொடாதீர்கள்.

செய்ய வேண்டியது மூச்சுப் பயிற்சி. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வேறு எதையும்விட எனக்கு உதவியது இதுதான். ஒரு துண்டைச் சுருட்டி மர நாற்காலியில் நீளவாக்கில் வைத்து, இரு தொடைக்கும் நடுவே அது படும்படி அதன்மேல் உட்காருங்கள். விலா எலும்பின் இரு பக்கமும் கை வையுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் தூக்கக் கூடாது. அப்போது அடித்தளம் துண்டின்மேல் லேசாக இறங்கி அழுந்துவது தெரியும். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். முக்கவும் கூடாது, இழுத்துப் பிடிக்கவும் கூடாது. முதல் வாரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், விடாதீர்கள். காலையும் இரவும் பத்துப் பத்து நிமிடம். பழகியபின் பாலாசனம், சுவரில் சாய்ந்து குந்துவது, இரண்டு பாதத்தையும் சேர்த்து முட்டியை விரிப்பது என்று பிசியோ ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்.

டைலேட்டர் (பிறப்புறுப்பை மெல்ல விரியப் பழக்கும் உருளை), உள்தசையை அழுத்தும் குச்சி, டென்ஸ் மெஷின் (தோல் வழியாக லேசாகக் கரண்ட் கொடுப்பது) எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. எந்த அளவு, எத்தனை நிமிடம் என்று பிசியோ சொன்ன பிறகு வாங்குங்கள், முன்னாலே வாங்கினால் அது அலமாரியில்தான் கிடக்கும்.

தாம்பத்தியம் பற்றி ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் வலிக்கும்போது தசை இன்னும் இறுகப் பழகிக்கொள்கிறது. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்று கணவரிடமோ மனைவியிடமோ பேசுங்கள். நீங்கள் சொல்லக் கூசினால் ஒரு செஷனுக்கு அவரையும் அழைத்துப் போங்கள், பிசியோ விளக்கிச் சொல்வார்.

8. கக்கூஸும் நாற்காலியும்

இந்தியன் டாய்லெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெஸ்டர்ன் என்றால் காலடியில் ஒரு சாண் உயரத்துக்கு முக்காலி போட்டு, முட்டி இடுப்பைவிட மேலே இருக்கும்படி உட்காருங்கள். முக்காதீர்கள். வெளியே போகும்முன் "எதற்கும் ஒருமுறை" என்று வராத மூத்திரத்தைப் போய் முயற்சி செய்யாதீர்கள். வெளியில் டாய்லெட் சரியில்லை என்று தண்ணீரைக் குறைப்பதும் எரிச்சலைக் கூட்டும்.

ஆபீஸில் அரை மணிக்கொரு தரம் எழுந்து நில்லுங்கள். நடுவில் ஓட்டை போட்ட வட்டக் குஷன் எல்லோருக்கும் ஒத்துவராது. பின்பக்கம் திறந்த குஷனை முதலில் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கவோ, நின்று வேலை செய்ய மேஜை கேட்கவோ டாக்டரிடம் கடிதம் வாங்கும்போது, வியாதியின் பெயர் இல்லாமல் "நெடுநேரம் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். உங்கள் வலி எந்த இடத்தில் என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டியதில்லை.

9. எத்தனை நாளாகும்

வாரத்துக்கு ஒரு செஷன் என்று தொடங்கி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. மாற்றம் தெரிய நாலு முதல் ஆறு செஷன், ஓரளவு நிலைக்க மூன்று மாதம். வருடக்கணக்கான வலி என்றால் ஆறு மாதமும் ஆகலாம். வலி நேர்கோட்டில் குறையாது. முதலில் குறைவது வலியின் அளவாக இருக்காது, வலி வந்தால் நீடிக்கிற நேரமாக இருக்கும், அதனால்தான் குறிப்பேட்டைத் தொடரச் சொல்கிறேன். ஆறு செஷன் முடிந்தும் குறிப்பில் எந்த அசைவும் இல்லை என்றால் பிசியோவிடம் நேராகக் கேளுங்கள். நல்லவர்கள் டாக்டருக்கே கடிதம் எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

10. வலி திரும்பி வந்தால்

வரும். நீண்ட பஸ் பயணம், மலச்சிக்கல், தூக்கமில்லாத வாரம், மாதவிலக்கு, எதனாலும் வரும். அன்று நீட்டல் பயிற்சிகளைப் பாதியாகக் குறைத்து, மூச்சுப் பயிற்சியை மட்டும் கூட்டுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் பதினைந்து நிமிடம் வையுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். புதுவிதமான வலி என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

கடைசி செஷனில், எந்தப் பயிற்சியை வாரத்துக்கு எத்தனை முறை தொடர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இடைவெளி விட்டுப் போனால் சில கிளினிக்குகளில் புது நோயாளி என்று முதல் நாள் கட்டணத்தை மறுபடி வாங்குவார்கள், அதனால் எத்தனை மாதம் வரை பழைய கணக்கில் பார்ப்பீர்கள் என்பதையும் அன்றே ரிசப்ஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.